பேய்ப் பாட்டுக்கு ஒரு மெட்டு வேண்டும்

(அக்டோபர் 5, ஞாயிறு மாலை, நம் சங்கக் கூட்டத்தில் பேசியது. வராதவர்களுக்காக எழுதித் தரும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். போட்டியின் விதிமுறைகளைக் கடைசியில் சேர்த்திருக்கிறேன்.)



இன்றைய நிகழ்ச்சி நிரலில் என்னை மூன்றாவதாகப் போட்டிருக்கிறார்கள். முதலில் தண்ணீர் லாரிக் கணக்கு, இரண்டாவது விருந்தாளிகளின் கார் பார்க்கிங். இரண்டையும் கேட்டுக் களைத்துப்போன உங்களிடம் இப்போது பேயைப் பற்றிப் பேச வேண்டும். பார்க்கிங்கைவிட இது எளிதான விஷயம்தான் என்று நினைக்கிறேன்.

விஷயம் இதுதான். அக்டோபர் 31 அன்று ஹாலோவீனை ஒட்டி ஏதாவது செய்ய வேண்டும் என்று நம் குடியிருப்பின் பிள்ளைகள் கமிட்டியிடம் கேட்டார்கள். முகமூடி போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்பதைப் போன வருடம் பெரியவர்கள் அவ்வளவாக ரசிக்கவில்லை. போன வருடம் தீபாவளியும் அதே 31ஆம் தேதி வந்துவிட்டது. கையில் தட்டோடு வந்த குட்டிப் பிசாசுக்கு முறுக்கு கொடுப்பதா, சாக்லேட் கொடுப்பதா என்று வீட்டுக்கு வீடு குழப்பம். இந்த முறை வேறு மாதிரி செய்யலாம் என்று யோசித்து, ஒரு பெண் சொன்னாள்: "அங்கிள், பாட்டுப் போட்டி வைக்கலாம். பாடற போட்டி இல்ல, மெட்டு போடற போட்டி. பேய் மெட்டு." நட்புக்காக ஒரு போட்டி. இசை தெரிந்தவர்களுக்கு அல்ல, நம்மைப் போன்றவர்களுக்கு. பொறுப்பாளர் யார் என்று கேட்டபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காரணம், எங்கள் வீட்டில் ஒரு பழைய காஸியோ கீபோர்டு இருக்கிறது, எனக்கு வேலை கிடையாது.

நான் பி.காம். முப்பத்தைந்து வருடம் வங்கியில் கிளார்க். எனக்குத் தெரிந்த ஏற்ற இறக்கம் பற்று வரவு மட்டுமே. சங்கீதம் கேள்வி ஞானம். அந்தத் தகுதியோடுதான் பேசுகிறேன்.

அறிவிப்புப் பலகையில் காகிதம் ஒட்டிய மறுநாளே மூன்று ஆட்சேபம் வந்தது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதல் ஆட்சேபம், 31ஆம் தேதி வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமையும் அதுவுமாகப் பேயா என்று கேட்டார்கள். நியாயம். அதனால் எல்லா வீட்டிலும் விளக்கேற்றி முடித்தபிறகு, மாலை 7 மணிக்குத் தொடங்குகிறோம். விளக்கு வெளிச்சத்தில் வருகிற பேய் நல்ல பேயாகத்தான் இருக்கும்.

இரண்டாவது ஆட்சேபம் கொஞ்சம் கனமானது. "இது நம்ம வழக்கம் இல்லையே, சார். வெள்ளைக்காரன் பண்டிகையை நாம எதுக்குத் தூக்கிட்டுத் திரியணும்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். எனக்கும் முதலில் அதே எண்ணம்தான். பிறகு கொஞ்சம் படித்துப் பார்த்தேன்.

நவம்பர் 1 கிறிஸ்தவர்களுக்குச் சகல புனிதர்களின் திருநாள். அதற்கு முந்தின மாலைதான் ஹாலோவீன். அந்தப் பெயருக்கே 'புனிதர் திருநாளின் முன்மாலை' என்றுதான் பொருள். அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கம் அதற்கும் முன்பே, அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் அந்த நாட்களில் இறந்தவர்கள் வீடு தேடி வருவார்கள் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. இரண்டும் கலந்து அமெரிக்கா போய், பூசணிக்காயும் மிட்டாயுமாகத் திரும்பி வந்திருக்கிறது. நவம்பர் 2 கல்லறைத் திருநாள். சாந்தோமில் இருக்கிற நமக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அன்று குயிபிள் ஐலண்டு கல்லறைக்குப் போகிற வழியெல்லாம் சாமந்தியும் மெழுகுவர்த்தியும் விற்பார்கள். கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, குடும்பத்தோடு நின்று ஜெபித்துவிட்டு வருவார்கள்.

இப்போது நம் பக்கத்தைப் பாருங்கள். இரண்டு வாரம் முன்புதான் மகாளய அமாவாசை. அன்று காலை கடற்கரையில் எள்ளும் தண்ணீரும் விட்டு வந்தவர்களில் பாதிப்பேர் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். அந்தப் பதினைந்து நாளும் முன்னோர்கள் நம் வாசலுக்கு வருகிறார்கள் என்பதுதானே நம்பிக்கை? சிவராத்திரிக்கு மறுநாள் மேல்மலையனூரில் மயானக் கொள்ளை. நம் சென்னையிலேயே பல இடங்களில் அங்காளம்மன் சுடுகாட்டுக்குப் புறப்படுகிறாள், பம்பையும் உடுக்கையும் முழங்க. இறந்தவர்களுக்கு வருடத்தில் ஒரு நாளை ஒதுக்கி வைப்பது எல்லா ஊர் வழக்கமும்தான். தேதிதான் வேறு.

பேயும் பாட்டும் நமக்குப் புதிதா என்றால், அதில் நாம் யாருக்கும் பின்தங்கியவர்கள் இல்லை. பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்து மூவர் விழாவுக்குப் போகிறோம். அறுபத்து மூவரில் ஒருவர் காரைக்கால் அம்மையார். கோயில்களில் நாயன்மார் வரிசையைக் கவனித்தால், மற்றவர்கள் நிற்க, அவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். புனிதவதி என்ற வணிகர் வீட்டுப் பெண், அழகு வேண்டாம், பேய் வடிவம் கொடு என்று சிவனிடம் கேட்டு வாங்கியவர். தன்னைக் 'காரைக்கால் பேய்' என்றே பாட்டில் சொல்லிக்கொண்டவர். தேவாரம் பாடிய மூவருக்கும் முந்தியவர் அவர்.

அவர் பாடிய இரண்டு பதிகங்கள் திருவாலங்காட்டுச் சுடுகாட்டைப் பற்றியவை. திருவாலங்காடு நமக்கு அரக்கோணம் ரயிலில் போய்வருகிற தூரம்தான். ஒரு பதிகத்துக்கு நட்டபாடை, இன்னொன்றுக்கு இந்தளம் என்று பண்ணும் குறித்திருக்கிறார்கள். எனக்கு வியப்பாக இருந்தது இன்னொரு விஷயம். அந்தச் சுடுகாட்டு நடனத்தை வர்ணிக்கும்போது துத்தம், கைக்கிளை, விளரி என்று சுரங்களின் தமிழ்ப் பெயர்களை அடுக்குகிறார். துந்துபி, வீணை, மத்தளம், தமருகம், குடமுழா, மொந்தை என்று வாத்தியங்களையும் ஒன்றுவிடாமல் சொல்கிறார். இன்றைக்கு ஒரு சினிமாப் படத்துக்குப் பின்னணி இசைக் குறிப்பு எழுதுவதுபோல இருக்கிறது. சுடுகாட்டுக்கு இசையமைப்பது எப்படி என்று சொன்ன முதல் தமிழர் ஒரு பெண்.

அடுத்தது கலிங்கத்துப்பரணி. 12ஆம் நூற்றாண்டில் செயங்கொண்டார் பாடியது. போர் முடிந்த களத்தில் பேய்கள் எல்லாம் கூடி, கூழ் சமைத்து, பந்தி போட்டு உண்டு, அரசனை வாழ்த்திப் பாடி ஆடுகின்றன. கல்யாணச் சமையலையே கிண்டல் செய்வதுபோல இருக்கும். பேயை வைத்துச் சிரிக்கத் தெரிந்தவர்கள் நம் ஆட்கள்.

இவ்வளவு தூரம் பின்னால் போகவும் வேண்டாம். நம் சென்னையிலேயே மரண கானா இருக்கிறது. சாவு விழுந்த வீட்டில் இரவு முழுக்க உடம்பை வைத்துக்கொண்டு கண் விழிக்க வேண்டும். அப்போது ஒருவர் உட்கார்ந்து, போனவரின் பெயரைச் சொல்லி, அவர் பார்த்த வேலை, அவர் வளர்த்த பிள்ளைகள், அவர் ஆடிய ஆட்டம் எல்லாவற்றையும் அங்கேயே பாட்டாகக் கட்டுவார். கையில் கிடைத்ததைத் தட்டித் தாளம். பாடுகிறவர்கள் பலர் பகலில் வேறு வேலை பார்க்கிறவர்கள். முறையாகப் படித்தவர்கள் இல்லை. அந்த ஒரு இரவுக்கு, அந்த ஒரு மனிதருக்கு, அந்த வீட்டுக்காரர்கள் தூங்கிவிடாமலும் உடைந்துவிடாமலும் இருப்பதற்காக மெட்டுக் கட்டுகிறார்கள். அமெச்சூர் இசையமைப்பாளர் என்று நாம் போட்டியில் போட்டிருக்கிறோமே, அந்தச் சொல்லுக்கு இவர்களைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே, பண்டிகை வேண்டுமானால் கடன் வாங்கியதாக இருக்கட்டும். கடனே தப்பு என்று ஒரு வங்கி ஊழியன் சொல்ல முடியாது. நம் முதலையும் அதில் போட்டால் சரி.

மூன்றாவது ஆட்சேபத்துக்குத்தான் என்னிடம் உடனே பதில் இல்லை. மூன்றாம் மாடி டீச்சரம்மா சொன்னது அது. டீச்சரின் கணவர் போன மே மாதம் தவறியது நம் எல்லோருக்கும் தெரியும். லிஃப்ட் அருகில் என்னைப் பார்த்தவர், சத்தம் போடாமல்தான் கேட்டார். "சார், இந்த வருஷம் முதல் தடவையா நான் ரெண்டாம் தேதி கல்லறைக்குப் பூ எடுத்துட்டுப் போகணும். அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி கீழே பேய்க்கூத்து நடத்துவீங்க. நான் மேலே உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கணுமா?"

நான் வாயைத் திறக்கவில்லை. மாடிக்கு வந்து போட்டியைக் கைவிட்டுவிடலாம் என்று செயலாளருக்குப் போன் செய்தேன். அவர், "எதற்கும் ஒரு தடவை டீச்சரிடம் போய் உட்கார்ந்து பேசுங்கள்" என்றார். என் மனைவியையும் அழைத்துக்கொண்டு மறுநாள் போனேன்.

அன்று டீச்சர் சொன்ன ஒரு விஷயத்தை அவரிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் இங்கே சொல்கிறேன். நம் லிஃப்டுக்கு ஒரு கோளாறு உண்டு. இரவில் யாரும் அழுத்தாமலே சில சமயம் மூன்றாம் மாடியில் வந்து நிற்கும். கதவு திறந்து மூடும். பராமரிப்பு ஆட்கள் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். டீச்சரின் கணவர் இரவு பத்து மணிக்கு நடைப்பயிற்சி முடித்து அந்த லிஃப்டில்தான் வருவார். இப்போதும் அந்தக் கதவுச் சத்தம் கேட்டால் டீச்சர் எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்து பார்க்கிறாராம். "பயமா இருக்காதா டீச்சர்?" என்று என் மனைவி கேட்டாள். "பயமா? பேயா வந்தாலும் பரவாயில்லைன்னுதானே திறக்கறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்தும் எனக்குத் தூக்கம் இல்லை. நாம் சின்ன வயதில் கேட்ட பேய்ப் பாட்டுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். 1966இல் வந்த 'யார் நீ' படம் ஞாபகம் இருக்கிறதா? ஜெய்சங்கர், ஜெயலலிதா நடித்தது. வேதா இசை. வெள்ளைப் புடவைப் பெண் இரவில் பாட, சுசீலா குரலில் வருமே, 'நானே வருவேன்'. இந்தியில் 1964இல் மதன்மோகன் போட்ட மெட்டு அது. அதற்கும் முன்னால், 1949இல் 'மஹல்' என்ற இந்திப் படம். கேம்சந்த் பிரகாஷ் இசை. லதா மங்கேஷ்கரை நாடு முழுக்க அறிய வைத்த பாட்டு அதில்தான். வரவேண்டியவர் வருவார் என்பதுதான் அந்தப் பாட்டின் பல்லவிக்குப் பொருள். 1963இல் ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை'. விஸ்வநாதன் ராமமூர்த்தி இசை. முன்ஜென்மக் கதை. தலைப்பே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது.

மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். நானே வருவேன். வரவேண்டியவர் வருவார். நெஞ்சம் மறப்பதில்லை. இதில் எங்கே இருக்கிறது பயமுறுத்தல்? எல்லாமே காத்திருக்கிற பாட்டு. படத்தில் கதாநாயகன் பயந்திருக்கலாம், நாமும் நாற்காலியை இறுக்கிப் பிடித்திருக்கலாம். ஆனால் அறுபது வருடம் கழித்து அந்தப் பாட்டு ஏன் நினைவில் நிற்கிறது? அந்தக் குரல் யாருக்காகவோ காத்திருந்ததால்தான். டீச்சர் வாசல் கதவைத் திறப்பதும் அதே பாட்டுதான், மெட்டு இல்லாமல்.

இதை டீச்சரிடம் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மூன்று நிபந்தனை போட்டார். மாடிப்படியில் எலும்புக்கூடு பொம்மை, சமாதிக் கல் பொம்மை எதுவும் கூடாது. 9 மணிக்கு முடித்துவிட வேண்டும். "மூணாவது, பயமுறுத்தற பாட்டு மட்டும்தான் போடணும்னு வைக்காதீங்க. ஞாபகப் பாட்டுக்கும் இடம் கொடுங்க. நானும் கீழே வந்து கேக்கறேன்." மூன்றையும் கமிட்டி அப்படியே ஏற்றுக்கொண்டது. அதனால்தான் அறிவிப்பில் 'பேய் மெட்டு' என்று இருந்ததை 'பேயும் நினைவும்' என்று மாற்றி ஒட்டியிருக்கிறோம்.

சரி, இப்போது உங்கள் முகத்தில் தெரிகிற நாலாவது ஆட்சேபம்: "எங்களுக்கு சங்கீதம் தெரியாதே!"

ஒரு கதை சொல்கிறேன். ஜான் கார்பென்டர் என்று ஒரு அமெரிக்க டைரக்டர். 1978இல் ஏறக்குறைய 3 லட்சம் டாலரில் ஒரு பேய்ப்படம் எடுத்தார். ஹாலிவுட் கணக்கில் அது டீச்செலவு. படத்தின் பெயரே 'ஹாலோவீன்'. இசை சேர்க்காமல் ஒரு பெரிய ஸ்டூடியோ அதிகாரிக்குப் போட்டுக் காட்டினார். அந்தப் பெண்மணிக்குத் துளியும் பயம் வரவில்லை. இசையால்தான் இதைக் காப்பாற்ற வேண்டும் என்று முடிவு செய்து, தானே உட்கார்ந்து இசை போட்டார். அவருடைய அப்பா இசைப் பேராசிரியர். ஆனால் மகனுக்கு இசைக் குறிப்பு எழுதவும் வராது, படிக்கவும் வராது என்று அவரே சொல்லியிருக்கிறார். அவருக்குத் தெரிந்திருந்தது ஒன்று. சிறுவனாக இருந்தபோது அப்பா ஒரு ஜோடி சின்னக் கொட்டில் ஐந்து எண்ணிக்கைத் தாளம் சொல்லிக் கொடுத்திருந்தார். அதையே பியானோவில் வாசித்தார். பெரும்பாலான மேற்கத்திய மெட்டுகள் நாலு எண்ணிக்கையில் நடக்கும். இது ஐந்தில் நடப்பதால் அவர்கள் காதுக்கு எங்கேயோ கால் இடறுகிற மாதிரி இருக்கும். படமும் பிழைத்தது, மெட்டும் இன்றுவரை ஒலிக்கிறது.

நமக்கு ஐந்து ஒன்றும் அந்நியம் இல்லை. தக தகிட. கண்டசாபு. கச்சேரிக்குப் போகிற யாரும் தொடையில் போடுகிற தாளம். அவருக்குத் தெரிந்த ஒன்று நமக்கும் தெரியும் என்கிறேன், அவ்வளவுதான்.

இன்னொரு உதாரணம், 1975இல் வந்த சுறாப் படம், 'ஜாஸ்'. ஜான் வில்லியம்ஸ் இசை. அந்த மெட்டின் உயிரே அடுத்தடுத்த இரண்டு சுரம்தான். ஸட்ஜமமும் சுத்த ரிஷபமும் மாதிரி, கீபோர்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டை. அதே ஸட்ஜமம், சுத்த ரிஷபத்தில்தான் நம் பிள்ளைகள் மாயாமாளவகௌளையில் சரளி வரிசை தொடங்குகிறார்கள். அங்கே பயம் இல்லை. கீழ் ஸ்தாயியில், மெதுவாக, நிறுத்தி நிறுத்தி வாசித்து, பிறகு வேகத்தைக் கூட்டினால் சுறா வந்துவிடுகிறது. சுரம் அதேதான். எப்படி வாசிக்கிறோம் என்பதில் இருக்கிறது.

ஆகவே மெட்டுப் போட நினைக்கிறவர்களுக்கு ஒரு கேள்வி ஞானக்காரனின் யோசனைகள்.

ஒன்று, தூரம். 'மஹல்' பாட்டில் குரல் தூரத்திலிருந்து நெருங்கி வருகிற மாதிரி இருக்கும். இன்றைக்கு இருக்கிற வசதி எதுவும் அன்று கிடையாது. ஒலிவாங்கியை நடுவில் வைத்துவிட்டு, அறையின் மூலையில் இருந்து பாடிக்கொண்டே நடந்து வந்ததாக லதாவே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். போனைக் கூடத்தில் வைத்துவிட்டு சமையல்கட்டில் இருந்து பாடிக்கொண்டே வாருங்கள். அதே வித்தைதான்.

இரண்டு, பொருள். 1874இல் சேன்-சான்ஸ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் எலும்புக்கூடுகள் ஆடுவதாக ஒரு படைப்பு செய்தார். தொடக்கத்தில் நள்ளிரவு மணி பன்னிரண்டு அடிக்க வேண்டும். அதற்கு ஹார்ப்பில் ஒரே சுரத்தைப் பன்னிரண்டு முறை மீட்டவைத்தார். எலும்பு உரசுகிற சத்தத்துக்கு மரக்கட்டைகளைத் தட்டும் ஸைலஃபோன். வயலினில் ஒரு தந்தியை வேண்டுமென்றே அரைச் சுரம் இறக்கிக் கட்டச் சொன்னார். நம் வீட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். டம்ளரில் கரண்டி. கிரைண்டர் நின்றபிறகு வரும் முனகல். அதிகாலை தண்ணீர் மோட்டார் ஏறும்போது குழாயில் கேட்கும் இருமல். நான் வேலை பார்த்த கிளையில் சாயங்காலம் ஸ்ட்ராங் ரூம் இரும்புக் கதவைச் சாத்துவோம். இரண்டு பேரிடம் இரண்டு சாவி. இரண்டும் போட்டால்தான் பூட்டும். முதல் சாவி திரும்பும் சத்தம், கொஞ்சம் இடைவெளி, இரண்டாவது சாவி. ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. இன்றும் கனவில் அந்த இடைவெளியில் எழுந்துவிடுகிறேன், இரண்டாவது சாவியைத் தொலைத்துவிட்டேனோ என்று. என் மெட்டு அதிலிருந்துதான் தொடங்கப்போகிறது.

மூன்று, மௌனம். சத்தம் பயமுறுத்துவதில்லை. சத்தம் நிற்பதுதான் பயமுறுத்தும். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். மெட்டுக்கு நடுவில் இரண்டு தாளம் சும்மா விட்டுப் பாருங்கள்.

நான்கு, ராகம் தெரிந்தவர்களுக்கு. ஆஹிரி என்று ஒரு ராகம். காலையில் பாடினால் அன்று சோறு கிடைக்காது என்று பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். 1993இல் வந்த 'மணிச்சித்திரத்தாழ்' மலையாளப் படத்தில் எம். ஜி. ராதாகிருஷ்ணன் அந்த ஆஹிரியைத் துணிந்து எடுத்தார். தஞ்சாவூர் நாட்டியக்காரி நாகவல்லியின் கதை. அதுதான் பிறகு தமிழில் 'சந்திரமுகி'யாக வந்தது. நம் போட்டி இரவு 7 மணிக்கு. சாப்பாட்டுக்கும் ஏற்பாடு செய்திருக்கிறோம். ஆஹிரியில் தாராளமாக மெட்டுப் போடலாம்.

ஒரு வேண்டுகோள், குறிப்பாக இளைஞர்களுக்கு. செயலியிடம் "ஒரு பேய் மெட்டு கொடு" என்று கேட்டு வாங்கி அனுப்பாதீர்கள். அது நன்றாகவே இருக்கும். ஆனால் அந்தச் செயலிக்கு மூன்றாம் மாடி லிஃப்ட் தெரியாது. உங்கள் பாட்டி மாடிப்படி ஏறும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு போட்ட முனகல் தெரியாது. நீங்கள் தப்பும் தவறுமாக வாசித்தாலும் அது உங்களுக்குத்தான் தெரியும்.

மதிப்பெண்ணைப் பற்றி. முதல் கூட்டத்தில் நான் ஒரு தாளில் கட்டம் போட்டு வந்தேன். ராகத்துக்கு 10, தாளத்துக்கு 10, பயத்துக்கு 10, மொத்தம் 30. பழக்கதோஷம். ஒரு பையன் கேட்டான்: "அங்கிள், ஞாபகப் பாட்டுக்கு எந்தக் கட்டத்துல மார்க் போடுவீங்க?" தாளைக் கிழித்துப் போட்டேன். வாழ்க்கையில் நான் டேலி செய்யாமல் விட்ட முதல் கணக்கு அது. ஆகையால் முதல், இரண்டாம் பரிசு கிடையாது. கேட்கிறவர்கள் ஒவ்வொருவரும், தங்களுக்குப் பிடித்த ஒரு மெட்டுக்கு ஒரு வரி எழுதிப் பெட்டியில் போட வேண்டும். 'உங்கள் மெட்டைக் கேட்டதும் எனக்கு இது நினைவுக்கு வந்தது' என்று ஒரு வரி. எழுதியதை அந்த மெட்டுக்காரரிடமே கொடுத்துவிடுவோம். அதுதான் பரிசு. பிள்ளைகளுக்கு மட்டும் மிட்டாய் உண்டு. மிட்டாய் இல்லாவிட்டால் ஹாலோவீன் இல்லையாம். அதை நான் எதிர்க்கவில்லை.

கடைசியாக ஒன்று. நம் குடியிருப்பில் பதினேழு வருடமாக இருக்கிறேன். மெயின்டனன்ஸ் பாக்கி யாருக்கு எவ்வளவு என்று எனக்கு மனப்பாடம். ஆனால் எந்த வீட்டில் யார் யாரை நினைத்துக்கொண்டு இரவு விழித்திருக்கிறார்கள் என்று இந்த ஒரு மாதத்தில்தான் கொஞ்சம் தெரியவந்தது. இதுவரை பெயர் கொடுத்தவர்கள் நான்கு பேர்தான். அதில் ஒருவர் நான். இன்னொருவர் எனக்காகப் பரிதாபப்பட்டுச் சேர்ந்த செயலாளர். பத்துப் பேராவது வந்தால்தான் நன்றாக இருக்கும். உங்களுக்குச் சங்கீதம் தெரிய வேண்டாம். இரவில் எந்தச் சத்தம் கேட்டால் உங்களுக்குத் திக்கென்கிறது, எந்தச் சத்தம் இனிமேல் கேட்காதே என்று ஏங்குகிறீர்கள், இந்த இரண்டில் ஒன்று தெரிந்தால் போதும்.

லிஃப்ட் கோளாறைச் சரிசெய்ய அடுத்த வாரம் மறுபடி ஆள் வருகிறார்கள். டீச்சரிடம் சொன்னேன். "31ஆம் தேதிக்கு அப்புறம் வரச் சொல்லுங்களேன்" என்றார். செயலாளர் குறித்துக்கொண்டுவிட்டார்.



விதிமுறைகள்:

1. மெட்டு 2 நிமிடத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். குரல், வாத்தியம், பாத்திரம் எதுவானாலும் சரி. போனில் பதிவு செய்தால் போதும்.

2. மெட்டு சொந்தமாக இருக்க வேண்டும். சினிமா மெட்டு, செயலி போட்ட மெட்டு வேண்டாம்.

3. இதற்கு முன் மெட்டுப் போட்டவர்கள், போடாதவர்கள் எல்லோரும் வரலாம். சம்பளத்துக்கு இசை செய்கிறவர்கள் கேட்க மட்டும் வரலாம். வீட்டு வேலை செய்பவர்களும் காவலாளிகளும் அவசியம் கலந்துகொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

4. பதிவை அக்டோபர் 26, ஞாயிறு இரவுக்குள் சங்க அலுவலகத்தில் கொடுக்கவும். தீபாவளி 20ஆம் தேதியே முடிந்துவிடுவதால் நேரம் இல்லை என்ற காரணம் ஏற்கப்படாது.

5. அக்டோபர் 31, வெள்ளி மாலை 7 முதல் 9 வரை மொட்டை மாடியில் எல்லா மெட்டுகளையும் ஒலிபரப்புவோம். பிறகு சிற்றுண்டி. நவம்பர் 2 அன்று குடியிருப்பில் ஒலிபெருக்கி எதுவும் வைப்பதில்லை.

6. எலும்புக்கூடு பொம்மை கிடையாது. அகல் விளக்கு கொண்டு வரலாம். யாரையாவது நினைத்து ஏற்ற விரும்புகிறவர்களுக்கு மாடியின் கிழக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்தபடி இடம் ஒதுக்கியிருக்கிறோம்.